குன்னூர் குளிரில் மக்ரோனி சீஸ்: எந்தப் பால் ஊற்றுவது?

மக்ரோனி சீஸ் செய்யலாம் என்று வீட்டில் பேச்சு எடுத்தாலே எல்லோரும் சீஸைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எந்த சீஸ், எவ்வளவு, கட்டியாக வாங்குவதா துருவியதை வாங்குவதா என்று அரை மணி நேரம் ஓடும். பாலைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. ஃபிரிட்ஜில் எது இருக்கிறதோ அதை ஊற்றுகிறார்கள், இல்லாவிட்டால் விசேஷமாகச் செய்கிறோமே என்று இருப்பதிலேயே கொழுப்பு அதிகமான பாக்கெட்டை வாங்கி வருகிறார்கள். ஆனால் ஒரு சட்டி மக்ரோனி சீஸில் எடையில் மிக அதிகமாகப் போகிற பொருள் பால்தான். சாஸ் வழவழப்பாக வருமா, மணல் மணலாக வருமா, தட்டில் போட்ட ஐந்தாவது நிமிடம் கட்டியாகிப் போகுமா என்பதில் பாதிக்கு மேல் பாலின் கையில் இருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்க்கலாம். குன்னூர், ஊட்டி, கோத்தகிரி மாதிரியான குளிர் ஊர்களில் இந்த சாஸுக்குக் கொழுப்பு மிகுந்த பால் தேவையில்லை. நடுத்தரக் கொழுப்புள்ள பசும்பாலை எடுத்து, ஐந்தில் ஒரு பங்கு வற்றும் வரை காய்ச்சி, வடிகட்டி ஊற்றுங்கள். அதற்கு மேல் எதுவும் வேண்டாம். எருமைப்பால் வேண்டாம், ஆரஞ்சு பாக்கெட் வேண்டாம், ஃபிரெஷ் க்ரீம் கண்டிப்பாக வேண்டாம்.

ஏன் என்று கேட்டால் முதலில் ஒரு சின்னக் கணக்கு. நான்கு பேருக்கு 200 கிராம் மக்ரோனி போட்டால் அரை லிட்டர் பால், 25 கிராம் வெண்ணெய், 25 கிராம் மைதா, 150 கிராம் செடார் சீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். செடாரில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, ஆக 50 கிராம். வெண்ணெயில் 20 கிராம் வரும். இப்போது பாலுக்கு வாருங்கள். ஆவின் நீல பாக்கெட்டில் 3 சதவீதம் கொழுப்பு, அரை லிட்டரில் 15 கிராம். பச்சையில் 4.5 சதவீதம், 22 கிராம் சொச்சம். ஆரஞ்சில் 6 சதவீதம், 30 கிராம். ஊதா பாக்கெட் 3.5 சதவீதத்தோடு நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் நிற்கிறது. நிறமும் பெயரும் அவ்வப்போது மாறுகிற விஷயம், அதனால் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கிற எண்ணைப் பாருங்கள். நீலத்துக்கும் ஆரஞ்சுக்கும் இடையில் மொத்தச் சட்டிக்கும் வித்தியாசம் 15 கிராம்தான், அதாவது ஒரு மேசைக்கரண்டி நெய் அளவு. சீஸும் வெண்ணெயும் சேர்ந்து ஏற்கெனவே 70 கிராம் கொழுப்பைக் கொண்டு வந்துவிட்ட இடத்தில் இந்த 15 கிராம் கூடுதலாக வந்து சுவையைத் தூக்கி நிறுத்தப் போவதில்லை. ஆனால் அதே 15 கிராம் சாஸை உடைக்கப் போதுமான அளவு.

இன்னொரு விஷயம். நாம் இணையத்தில் பார்த்துச் செய்கிற சமையல் குறிப்புகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எழுதியவை. அங்கே கொழுப்பு எடுக்காத சாதாரணப் பாலுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கொழுப்பு 3.25 சதவீதம். அந்தப் பாலை வைத்துத்தான் அவர்கள் மாவின் அளவையும் வெண்ணெயின் அளவையும் சீஸின் அளவையும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதே குறிப்பில் நாம் 6 சதவீதப் பாலை ஊற்றினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பால்கொழுப்பை ஊற்றுகிறோம். குறிப்பு சரியாகவே இருக்கும், சாஸ் மட்டும் எண்ணெய் விடும்.

சரி, சாஸில் பால் என்ன வேலை செய்கிறது? சீஸை உருக்கினால் மூன்று பொருள் பிரியப் பார்க்கிறது: கொழுப்பு, தண்ணீர், புரதம். இந்த மூன்றும் சட்டியில் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்றால் கொழுப்புத் துளிகளைச் சுற்றி ஏதாவது போர்த்தியிருக்க வேண்டும், ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பெரிதாகாமல் இருக்க. பாலில் இருக்கிற கேசின் என்ற புரதம் அந்த வேலையைச் செய்கிறது, பால் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசின்தான். மைதாவின் மாவுச்சத்து தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொண்டு இரண்டாவது காவலாக நிற்கிறது. ஆக, சாஸுக்கு நமக்குப் பாலிடமிருந்து வேண்டியது புரதம். கொழுப்பை சீஸே தேவைக்கு மேல் தருகிறது.

இந்தப் புரதத்தை பாக்கெட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது என்றால் எஸ்என்எஃப் என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். பால் சொசைட்டிக்கு ஊற்றுகிற குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஃபேட் எவ்வளவு, எஸ்என்எஃப் எவ்வளவு என்று பார்த்துத்தான் சொசைட்டியில் பாலுக்குக் காசு போடுவார்கள். பாலில் தண்ணீரையும் கொழுப்பையும் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது எதுவோ அதுதான் எஸ்என்எஃப்: புரதம், பால் சர்க்கரை, சுண்ணாம்பு முதலான உப்புகள். டோன்டு பாலுக்கு (நீலம்) இது குறைந்தது 8.5, ஸ்டாண்டர்டைஸ்டு பாலுக்கும் (பச்சை) 8.5, ஃபுல் க்ரீமுக்கு (ஆரஞ்சு) 9, கொழுப்பை 1.5 சதவீதமாகக் குறைத்த டபுள் டோன்டு பாலுக்கும் 9. அதாவது நீலத்திலிருந்து பச்சைக்குப் போனால் கொழுப்பு ஒன்றரை மடங்காகிறது, புரதம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. கொழுப்புக்குக் கூடுதல் காசு கொடுக்கிறோமே தவிர சாஸைப் பிடித்து வைக்கிற பொருளுக்கு இல்லை. அதனால்தான் வற்றக் காய்ச்சச் சொல்கிறேன். 625 மில்லி பாலை 500 மில்லியாக வற்ற வைத்தால் 8.5 ஆக இருந்த எஸ்என்எஃப் 10.6 ஆகிவிடும். எந்த பாக்கெட்டிலும் காசு கொடுத்து வாங்க முடியாத பால் அது.

இப்போது மலைக்கு வருகிறேன். கீழே மேட்டுப்பாளையத்தில் தண்ணீர் ஏறக்குறைய 99 டிகிரியில் கொதிக்கும். 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிற குன்னூரில் 94 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும், 2,240 மீட்டரில் ஊட்டியில் 93க்கும் கொஞ்சம் கீழே. அரிசி, பருப்புக்கு நாம் குக்கரை வைத்துச் சமாளித்துவிடுவதால் இது பெரிதாகத் தெரிவதில்லை. மக்ரோனியைத் திறந்த பாத்திரத்தில் வேகவைக்கும்போதுதான் தெரியும், பாக்கெட்டில் எட்டு நிமிடம் என்று போட்டிருந்தால் இங்கே பத்து பதினொன்று ஆகும். ஒயிட் சாஸிலும் இதே கதை. மைதா 60 டிகிரி சூட்டிலேயே ஊற ஆரம்பித்தாலும் நன்றாகக் கெட்டிப்படுவது 90ஐத் தாண்டித்தான். நம் ஊரில் பால் பொங்குகிற சூடும் மாவு முழுதாகக் கெட்டியாகிற சூடும் பக்கத்து பக்கத்தில் இருப்பதால், பொங்கியது என்று உடனே இறக்கினால் சாஸ் நீர்த்துத்தான் இருக்கும், வாயில் பச்சை மாவு வாசனையும் அடிக்கும். பொறுமையில்லாதவர்கள் இந்த இடத்தில் இன்னொரு கரண்டி மைதா போட்டுவிடுவார்கள். அது ஆறும்போது பசையாகிவிடும். மாவைக் கூட்டாதீர்கள், சிம்மில் ஏழெட்டு நிமிடம் கிளறிக்கொண்டே விடுங்கள். வற்றிய பாலாக இருந்தால் இங்கேயும் உதவி, ஏனென்றால் கெட்டிப்படுத்த வேண்டிய தண்ணீரே குறைவு.

எருமைப்பால் பற்றி. கோயம்புத்தூர் சொந்தக்காரர்கள் இந்த இடத்தில்தான் என்னோடு சண்டைக்கு வருவார்கள். காபிக்கும் தயிருக்கும் எருமைப்பாலுக்கு நிகர் கிடையாது, நானே சொல்வேன். அதில் புரதமும் பசும்பாலைவிட அதிகம், பசும்பாலில் மூன்றேகால் மூன்றரை சதவீதம் என்றால் எருமையில் நாலுக்கு மேல். அப்படியானால் என் கணக்குப்படியே எருமைப்பால்தானே நல்லது என்று கேட்கலாம். கீழே, சூடான ஊரில், வயதான செடார் போடாமல் லேசான சீஸ் போட்டுச் செய்தால் நல்லதுதான். இங்கே பிரச்சினை குளிர். எருமை நெய் பசு நெய்யைவிடக் கொஞ்சம் அதிகச் சூட்டில்தான் உருகும், குளிர்ந்தால் முந்திக்கொண்டு உறையும், மணலும் பெரிதாகக் கட்டும். மார்கழியில் தலைக்குந்தா புல்வெளி உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கிற நாட்களில் ஊட்டிச் சமையலறைத் தட்டும் மேசையும் எவ்வளவு சில்லென்று இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தத் தட்டில் எருமைப்பால் சாஸை ஊற்றினால் முதல் நான்கு வாய் சொர்க்கம், அப்புறம் மேலண்ணத்தில் மெழுகு பூசியது போல ஒட்டும். குழந்தைகள் மெதுவாகச் சாப்பிடுகிறவர்கள், அவர்களுக்கு முக்கால்வாசித் தட்டு அந்த மெழுகுதான். கொழுப்பு 6லிருந்து 8 சதவீதம் வரை போகிற பாலோடு சீஸ் கொழுப்பும் சேரும்போது இது நடக்காமல் இருக்காது.

நீலகிரி என்றதும் தோடர் எருமை நினைவுக்கு வரும். அதன் பாலில் கொழுப்பு 8 சதவீதத்தையும் தாண்டும். ஆனால் அது வேறு உலகத்துப் பால். கோயில் மந்தையின் பாலைக் கறப்பதும் கடைவதும் தோடர்களுக்கு வழிபாடு, அதற்கென்று தனி ஆள், தனி இடம், தனி முறை எல்லாம் உண்டு. மந்து என்கிற அவர்கள் குடியிருப்புகளுக்குப் போய் அந்த எருமைகளைத் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன், வளைந்து விரிந்த அந்தக் கொம்புகளைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். மக்ரோனிப் பேச்சில் அதை இழுக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் தெருவுக்கு ஜெர்சி கலப்பு மாடு வைத்திருக்கிற ஒரு அக்கா பால் ஊற்றுகிறார். பாக்கெட்டைவிட எனக்குப் பிடித்தது அவர் பால்தான், அதற்குக் காரணம் நிறமும்கூட. பசு, புல்லில் இருக்கிற மஞ்சள் நிறச்சத்தில் ஒரு பகுதியை அப்படியே பாலுக்கு அனுப்பிவிடும், ஜெர்சி இன்னும் தாராளமாக அனுப்பும். எருமை அதையெல்லாம் வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் அதன் பால் வெள்ளை வெளேரென்று இருக்கும். மழைக்குப் பிறகு பசும்புல் மேய்ந்த ஜெர்சிப் பாலில் செய்த சாஸ், கலர் எதுவும் சேர்க்காமலே இளமஞ்சளாக வரும். சாஸ் செய்கிற அன்றைக்குச் சாயங்காலப் பால் எடுத்து வையுங்கள் என்று அவரிடம் சொல்லிவைத்தால், “எதுக்கு அம்மிணி, பாயாசமா?” என்பார். மக்ரோனி என்றால், “அதுக்குக் காலைப் பாலே போதும், சாயங்காலம் கறக்கறது கெட்டியா இருக்கும்” என்று அவரே திருத்துவார். அவர் சொல்வது சரி. காலைக் கறவைக்கும் சாயங்காலக் கறவைக்கும் இடையில் நேரம் குறைவு, ராத்திரி இடைவெளி அதிகம், அதனால் சாயங்காலப் பாலில் பொதுவாகக் கொழுப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கும். நான் இரண்டையும் பழக்கத்தில் பிரித்துக்கொண்டேன், காலைப் பால் சாஸுக்கு, சாயங்காலப் பால் தயிருக்கு.

கறந்த பாலைக் காய்ச்சாமல் எதிலும் சேர்க்க வேண்டாம், சாஸில் எப்படியும் சூடாகத்தானே போகிறது என்று நினைத்தும் சேர்க்க வேண்டாம். கறந்த பாலில் காசநோய்க் கிருமியும் புருசெல்லா கிருமியும் வரக்கூடும். சிம்ஸ் பூங்கா பக்கத்தில் 1907லிருந்து, பாலைச் சூடாக்கிக் கிருமியைக் கொல்கிற முறைக்குப் பெயர் தந்த பாஸ்டர் பெயரில் ஒரு நிறுவனம் இருக்கிற ஊர்க்காரர்கள் நாம், பச்சைப்பால்தான் ஆரோக்கியம் என்று இப்போது கிளம்பியிருக்கிற பேச்சை நம்ப வேண்டியதில்லை. பாக்கெட் பால் ஏற்கெனவே 72 டிகிரியில் 15 வினாடி போல சூடாக்கி வருவது, அதைக் காய்ச்சுவது வற்ற வைப்பதற்காகத்தான். இரண்டுக்கும் பொதுவான விஷயம் ஆடை. காய்ச்சிய பால் ஆறும்போது மேலே படிகிற ஆடையோடு அப்படியே மாவில் ஊற்றினால் சாஸில் சின்னச் சின்ன தோல் துணுக்குகள் கிடக்கும், எவ்வளவு கிளறினாலும் கரையாது. முட்டை அடிக்கிற கம்பியால் அடித்தும் போகாது. காபி வடிகட்டியில் வடித்துவிடுங்கள். வடிகட்டியில் நின்ற ஆடையைச் சர்க்கரை தூவி யாருக்காவது கொடுத்துவிடலாம், எங்கள் வீட்டில் அதற்குப் போட்டி உண்டு.

வற்ற வைக்கிற பழக்கத்தை நான் தாத்தாவிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அவர் எஸ்டேட் பங்களாவில் பட்லராக இருந்தவர். தேயிலைத் தோட்டத்துப் பங்களாக்களில் இந்தப் பதார்த்தம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு, “மக்ரோனி பேக்” என்பார்கள். அவர் பாலைச் சும்மா காய்ச்ச மாட்டார், ஒரு வெங்காயத்தை உரித்து அதில் நாலைந்து கிராம்பைக் குத்தி, பிரியாணி இலை ஒன்றும் போட்டு, சின்னத் தணலில் வைத்துவிடுவார். “பாலு வத்தற நேரத்துல வாசனையும் ஏறிடும், ரெண்டு வேல ஒண்ணா முடிஞ்சிரும் பாப்பா” என்பது அவர் கணக்கு. கிராம்பும் ஜாதிக்காயும் பர்லியாரிலிருந்து வரும், மலைப்பாதையின் கீழ்ப்பகுதிச் சூட்டிலும் ஈரத்திலும் அவை அங்கே நன்றாகக் காய்க்கின்றன. கடைசியில் ஜாதிக்காயை இரண்டு இழுப்பு துருவிப் போடுவார். அதற்கு மேல் போட்டால் பால் மணமே போய்விடும்.

தாத்தாவின் சமையல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பழைய வழி ஒன்று தெரிகிறது. மக்ரோனியைக் க்ரீமும் மாவும் வெண்ணெயும் சேர்த்த சாஸில் போட்டு மேலே பார்மேசன் தூவுகிற முறையை இங்கிலாந்தில் எலிசபெத் ரஃபால்ட் 1769லேயே எழுதி வைத்திருக்கிறார். அமெரிக்காவில் அது வேரூன்றியதில் பெரிய பங்கு ஜேம்ஸ் ஹெமிங்ஸ் போன்ற அடிமைச் சமையல்காரர்களுடையது. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜெஃபர்சன் அவரைப் பாரிசுக்கு அழைத்துப்போய்ச் சமையல் பழக்கினார், பெயர் மட்டும் நெடுநாள் ஜெஃபர்சனுக்கே போனது. பங்களாச் சமையலறைகளை நினைக்கும்போது எனக்கு இது உறைக்கிறது. துரைமார் பெயரில் நினைவில் நிற்கிற எத்தனையோ பதார்த்தங்களைச் செய்து பதம் கண்டவர்கள் நம் ஆட்கள், யாரும் எழுதி வைக்கவில்லை. பாலை வற்ற வைத்து ஊற்று என்பது தாத்தா காலத்துப் பட்லர்களின் அறிவு, அதை அவர்கள் பெயரில் சொல்ல எனக்கு ஆசை.

செய்முறை இப்படி. 625 மில்லி பச்சை பாக்கெட் பால் அல்லது காலைக் கறவைப் பசும்பால். அடி கனமான, அகலமான பாத்திரம், ஏனென்றால் குறுகிய பாத்திரத்தில் வற்றுவதற்குள் அடி பிடித்துவிடும். அடிபிடித்த பாலின் வாசனையை எந்த சீஸாலும் மறைக்க முடியாது, பிடித்துவிட்டால் அந்தப் பாலைச் சாஸுக்கு எடுக்காதீர்கள். கரண்டியால் அடியை வழித்துக்கொண்டே இருபது நிமிடம் போலக் காய்ச்சினால் அரை லிட்டருக்கு வரும். வடித்து, வெதுவெதுப்பாக வையுங்கள். இன்னொரு பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கி மைதாவைப் போட்டு, நிறம் மாறாமல் இரண்டு நிமிடம் வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டி தட்டாமல் கலக்குங்கள். முதல் இரண்டு கரண்டிப் பாலுக்கு மாவு திரண்டு உருண்டையாகும், பயப்பட வேண்டாம், அடுத்தடுத்து ஊற்ற ஊற்ற இளகிவிடும். சிம்மில் அந்த ஏழெட்டு நிமிடம். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். கொதிக்கிற சாஸில் சீஸைப் போட்டால் அதன் புரதம் சுருங்கி, பிடித்திருந்த கொழுப்பையும் தண்ணீரையும் பிழிந்து வெளியே தள்ளிவிடும், எண்ணெய் மிதக்கும், மிச்சம் திரிதிரியாகக் கிடக்கும். சூடு கொஞ்சம் இறங்கின பிறகு துருவிய சீஸை மூன்று தடவையாகப் பிரித்துப் போட்டு, ஒவ்வொன்றும் உருகின பிறகு அடுத்ததைப் போடுங்கள். மிளகுத்தூள், அரைக் கரண்டி கடுகு விழுது. வற்றிய பாலில் இனிப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பால் சர்க்கரையும் சேர்ந்து கெட்டியாகிறதே, அதைச் சமன்செய்யத்தான் கடுகும் மிளகும். உப்பு கடைசியில், சீஸில் இருப்பதைச் சுவைத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பாலின் தேர்வு சீஸைப் பொறுத்தும் கொஞ்சம் மாறும். கடையில் கட்டியாகவும் கியூபாகவும் கிடைக்கிற பிராசஸ்டு சீஸில் சோடியம் சிட்ரேட், பாஸ்பேட் மாதிரியான உப்புகள் சேர்ந்திருக்கும், கொழுப்பைப் பிரியவிடாமல் பிடித்து வைப்பது அவற்றின் வேலை. சுவிட்சர்லாந்தில் 1911 வாக்கில் கண்டுபிடித்த உத்தி அது. அந்த சீஸ் போட்டால் எந்தப் பாலை ஊற்றினாலும் சாஸ் உடையாது, நீல பாக்கெட்டே தாராளம், வற்ற வைக்கக்கூடத் தேவையில்லை. சுவை மட்டும் தட்டையாக நிற்கும். குன்னூரில் ஏக்கர்ஸ் வைல்ட் மாதிரியான பண்ணைகளில் செய்கிற சீஸ், கொடைக்கானல் பக்கத்து சீஸ், இல்லை நன்றாக முதிர்ந்த செடார் என்று போனால்தான் பாலில் கவனம் தேவை. முதிர முதிர சீஸின் புரதம் உடைந்து சிறிதாகிவிடுகிறது, மணம் கூடும், ஆனால் கொழுப்பைப் பிடித்துக்கொள்கிற பலம் குறையும். அந்தப் பலத்தைப் பாலின் புரதம்தான் ஈடுகட்ட வேண்டும். அதனால் நல்ல சீஸ் வாங்கினவர்கள் நல்ல பால் என்று ஆரஞ்சு பாக்கெட்டுக்குப் போகாமல், பச்சையையோ ஊதாவையோ வற்ற வைப்பதுதான் அந்த சீஸுக்குச் செய்கிற மரியாதை.

மழைக்காலத்துக்கு ஒரு மாற்று ஏற்பாடு வேண்டும். ஐப்பசியில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றால் பாக்கெட் பால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, அந்த மாதிரி நாட்களில்தான் சுடச்சுட மக்ரோனி சீஸ் சாப்பிடவும் தோன்றும். அமெரிக்கர்கள் இதற்கு எவாபரேட்டட் மில்க் என்று டின்னில் அடைத்த பாலைப் பயன்படுத்துகிறார்கள், பாலில் இருக்கிற தண்ணீரில் சுமார் 60 சதவீதத்தை எடுத்துவிட்டு, சர்க்கரை சேர்க்காமல் அடைத்தது. சாஸ் அதில் அருமையாக நிற்கும், புரதம் அவ்வளவு செறிவு. நம் கடைகளில் அது அபூர்வம். பக்கத்திலேயே இருக்கிற கண்டென்ஸ்டு மில்க் டின்னை அதுதான் என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள், அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சர்க்கரை. இதற்குப் பதில் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் ஒரு பாக்கெட் வீட்டில் வைத்திருங்கள். இருக்கிற அரை லிட்டர் நீலப் பாலில் இரண்டு மேசைக்கரண்டி பவுடரைக் கட்டியில்லாமல் கரைத்தால் எஸ்என்எஃப் 11 பக்கம் போய்விடும், காய்ச்சி வற்ற வைக்கிற நேரமும் கேஸும் மிச்சம். டெய்ரி ஒயிட்னர் என்று டீக்கு விற்கிற பவுடரில் பெரும்பாலும் சர்க்கரை சேர்ந்திருக்கும், பின்பக்கம் படித்துவிட்டு வாங்குங்கள். அட்டைப்பெட்டியில் வருகிற யுஎச்டி பாலும் சாஸுக்கு நன்றாகவே ஒத்துவரும். 135 டிகிரிக்கு மேல் சூடாக்கினது என்பதால் காய்ச்சின வாசனை கொஞ்சம் இருக்கும், சீஸ் சேர்ந்த பிறகு அது தெரியாது.

க்ரீம் ஏன் கண்டிப்பாக வேண்டாம் என்றேன் என்றால், கடையில் கிடைக்கிற ஃபிரெஷ் க்ரீமில் கொழுப்பு 25 சதவீதம், புரதமோ பாலில் இருப்பதைவிடவும் குறைவு. பிடிக்க ஆள் இல்லாத இடத்தில் சுமையைக் கூட்டுகிற வேலை. பாதாம் பால், சோயா பால் ஆகியவற்றைப் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல இல்லை. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு லாக்டோஸ் நீக்கின பால் நன்றாகவே வேலை செய்யும், இனிப்பு மட்டும் ஒரு சொட்டுக் கூட இருக்கும். தேங்காய்ப்பால் ஊற்றலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு, அதில் கேசின் கிடையாது, சீஸோடு சேராது. அதை ஆப்பத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓவனில் வைத்து மேலே மொறுமொறுப்பாக எடுக்கிறவர்கள் பாலை ஐந்தில் ஒரு பங்கு வற்ற வைக்க வேண்டாம், பத்தில் ஒரு பங்கு போதும், வற்றிய பிறகு நிற்கிற அளவையும் அரை லிட்டரிலிருந்து 600 மில்லியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். ஓவனில் இருக்கிற இருபது இருபத்தைந்து நிமிடத்தில் மக்ரோனி சாஸைக் குடித்துக்கொண்டே இருக்கும். வைக்கும்போது கொஞ்சம் தளதளவென்று நீர்ப்பாக இருந்தால்தான் எடுக்கும்போது சரியாக இருக்கும். மக்ரோனியையும் இரண்டு நிமிடம் முன்னதாகவே வடித்துவிடுங்கள். அடுப்பிலேயே முடிக்கிறவர்கள் தட்டைச் சூடு செய்துவிட்டுப் பரிமாறுங்கள், சாதம் வடித்த கஞ்சி ஊற்றிக் கழுவினால்கூடப் போதும், குளிரில் இது பாலுக்கு அடுத்தபடி முக்கியம்.

மிச்சம் இருந்தால் மறுநாள் அது கல்லாக இருக்கும், பயந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் ஊற்றினால் சாஸ் கரைந்து சீஸ் தனியாக நூல் விடும். நீல பாக்கெட் பாலை, வற்ற வைக்காமல், ஒரு கிண்ணம் மக்ரோனிக்கு மூன்று நாலு கரண்டி கணக்கில் ஊற்றி, மூடிபோட்டு மிகச் சின்னத் தணலில் ஐந்து நிமிடம் விட்டுவிட்டு அப்புறம் கிளறுங்கள். முந்தின நாளே போதுமான புரதமும் கொழுப்பும் உள்ளே போயாகிவிட்டது, இப்போது அதற்குத் தேவை இளக்கம் மட்டும், அதற்கு மெலிந்த பாலே சரி. மைக்ரோவேவில் என்றால் பாதி பவரில் வையுங்கள், நடுவில் ஒருமுறை எடுத்துக் கிளறுங்கள்.